நாலு படிக்குக் கீழே

அந்த வருடம் எங்கள் பள்ளிக்கூடம் ஒரு நாள்கூட மூடப்படவில்லை. எங்கள் ஹெட்மாஸ்டர் கடைசிவரை இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பொய்யில்லை. ஆனால் மூடியே கிடந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று எனக்கு இன்றைக்கும் தோன்றுகிறது.

ஐம்பதுகளின் கடைசி. உத்திரமேரூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஏரிக்கரையோடு நடந்தால் வருகிற சின்ன ஊர். எனக்கு அதுதான் முதல் வேலை. நான் காஞ்சிபுரத்தில் நெசவுக்காரர் வீட்டுப் பெண். தறியில் உட்காராமல் ட்ரெயினிங் படித்து டீச்சர் ஆனவள். வாய் கொஞ்சம் நீளம். "இது எந்த ஊர்ல போய்க் குப்பை கொட்டப்போகுதோ" என்று என் அம்மா கவலைப்படுவாள். இந்த ஊரில்தான் கொட்டினேன்.

எட்டாம் வகுப்புவரை இருந்த பள்ளி அது. மண்சுவர், பனையோலைக் கூரை. ஹெட்மாஸ்டரையும் சேர்த்து நாலு பேர் பாடம் நடத்தினோம். எனக்குச் சின்ன வகுப்புகளும், எட்டாம் வகுப்புத் தமிழும். கணக்கு ஹெட்மாஸ்டருடையது. அதை வேறு யாரும் தொட விடமாட்டார். நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நடந்ததற்கெல்லாம் இவன்தான் காரணம் என்று கைகாட்ட எனக்கு ஓர் ஆள் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் இத்தனை வருடம் மனசுக்குள் வைத்துக்கொண்டிருக்க மாட்டேன், அந்த ஆளைத் திட்டி முடித்திருப்பேன்.

கூரை மாற்றுவதற்கு அந்த ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் காலனி ஆண்கள் வந்து, பழைய கூரையைப் பிரித்துப்போட்டு, புதுப் பனையோலை வேய்ந்து கொடுப்பார்கள். அப்போது யாரும் காலனி என்று சொன்னதில்லை, சேரி என்றுதான் சொல்வார்கள். நான் காலனி என்றே எழுதுகிறேன். இந்த வேலைக்கு அவர்களுக்குக் கூலி கிடையாது. தங்கள் பிள்ளைகளும் அங்கே படிக்கிறார்கள் என்று சந்தோஷமாகவே செய்வார்கள். அந்தக் கோடையில் ஏரி வறண்டுபோனது. நிலக்காரர்கள் ஆளாளுக்குக் கிணற்றை ஆழமாக்க ஆரம்பித்தார்கள். காலனி ஆண்கள் அத்தனை பேரையும் கிணற்றுக்குள் இறக்கிவிட்டார்கள். கூரையை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்தோம்.

ஆடிக் காற்று அடுத்த வருடம்வரை பொறுத்துக்கொள்ளவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூரையைப் பிய்த்து வயலில் கொண்டுபோய்ப் போட்டது. பின்னாலேயே வந்த மழையில் ஒரு பக்கத்துச் சுவர் அப்படியே உட்கார்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமையாகப் போனது பிள்ளைகள் செய்த புண்ணியம்.

மறுநாள் காலையில் ஊரே அந்தச் சுவருக்கு முன்னால் நின்று உச்சுக் கொட்டியது. அப்போது கோயில் தர்மகர்த்தா முன்னால் வந்தார். ஊரில் பாதி நிலம் அவருடையது. "பெருமாள் கோயில் மண்டபம் சும்மாத்தானே கீது? பசங்கள அங்க குந்த வெச்சிப் பாடத்த நடத்துங்க சார். சாமி ஒண்ணும் கோச்சிக்காது" என்றார். ஹெட்மாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

அந்த மண்டபம் கோயில் மதிலுக்கு வெளியே, தெருவைப் பார்த்து இருக்கும். கல்தூண்கள், கல்தரை, மேலே கல்கூரை. சுவர் கிடையாது. ஏறுவதற்கு நாலு படி. படிக்குக் கீழே ஒரு புங்கமரம். கோயிலுக்குள் யார் வேண்டுமானாலும் போகலாம் என்று சட்டம் வந்து வருடக்கணக்காகியிருந்தது. எங்கள் ஊரில் அந்தச் சட்டத்தை யாரும் எதிர்க்கவில்லை, யாரும் பயன்படுத்தவும் இல்லை.

முதல் நாள் ஊர்ப் பிள்ளைகள் திமுதிமுவென்று மேலே ஓடித் தூணுக்குத் தூண் இடம் பிடித்தார்கள். காலனிப் பிள்ளைகள் படிக்குக் கீழேயே நின்றுவிட்டார்கள். ஹெட்மாஸ்டர் பார்த்தார். "ஏண்டா நிக்கிறீங்க? ஏறி வாங்க" என்றார். அவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்து லேசாகச் சிரித்தார்கள். பிறகு புங்கமரத்து நிழலில் அவர்களாகவே வரிசையாக உட்கார்ந்துகொண்டார்கள். தர்மகர்த்தா அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். அவர் வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. "சரி, இன்னைக்கு அங்கேயே குந்துங்க, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றார் ஹெட்மாஸ்டர். அந்த 'நாளைக்கு' பங்குனிவரை வரவில்லை.

கீழே உட்கார்ந்தவர்களில் ஒரு பெண் எட்டாம் வகுப்பு. காலனியிலிருந்து எட்டாம் வகுப்புவரை வந்த முதல் பிள்ளை அவள்தான். பழைய பள்ளிக்கூடத்தில் போர்டுக்கு நேர் எதிரில் முதல் வரிசையில் உட்காருவாள். கணக்கில் கெட்டிக்காரி. ஹெட்மாஸ்டர் கேள்வியைச் சொல்லி வாயை மூடுவதற்குள் கையைத் தூக்கிவிடுவாள். எட்டாம் வகுப்புப் பரீட்சையில் தேறிவிட்டால் காஞ்சிபுரத்தில் டீச்சர் ட்ரெயினிங் சேரலாம், தங்கிப் படிக்க ஹாஸ்டல் உண்டு. நான் படித்த இடம்தான். நானே போய் விசாரித்துக்கொண்டு வந்து அவள் அம்மாவிடம் சொல்லியிருந்தேன்.

அவள் அம்மா அதை உடனே நம்பவில்லை. "மெய்யாலுமா டீச்சரம்மா? எங்க பொண்ணு ஒன்ன மாதிரி நாற்காலில குந்துமா?" என்று திருப்பித் திருப்பிக் கேட்டாள். அப்பா தர்மகர்த்தாவின் நிலத்தில் வேலை செய்பவர். அம்மாவுக்கும் அங்கேதான் நடவும் களையும். தேறினால் இந்தப் பெண் டீச்சர். தேறாவிட்டால் அம்மாவோடு கழனிக்கு. நடுவில் வேறு எதுவும் கிடையாது. இது அந்தப் பெண்ணுக்கும் தெரியும்.

முதல் சிக்கல் போர்டில் வந்தது. மேலே இருப்பவர்களுக்கு நேராக வைத்தால் கீழே இருப்பவர்களுக்குத் தெரியவில்லை. கீழே பார்த்துத் திருப்பினால் மேலே இருப்பவர்களுக்குக் கண் கூசியது. ஹெட்மாஸ்டர் ரொம்ப யோசித்து இரண்டுக்கும் நடுவில் சாய்வாக வைத்தார். ரெண்டுங்கெட்டான் ஏற்பாடு. மேலே இருப்பவர்கள் கழுத்தைத் திருப்பிப் படித்தார்கள். கீழே இருப்பவர்களுக்குப் பாதி போர்டைத் தூண் மறைத்தது.

"தெரியுதா?" என்று அவளைக் கேட்டேன்.

"வலது பக்கம் நல்லா தெரியுது டீச்சர். எனுக்கு விடை மட்டும் கெடைக்குது, கணக்குதான் கெடைக்கல" என்றாள். நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். அன்றைக்கு அது சிரிப்பாகத்தான் இருந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு வாரத்துக்குள் என் நாற்காலியைத் தூக்கிக் கீழே கொண்டுவந்து புங்கமரத்தடியில் போட்டுக்கொண்டேன். பெரிய சண்டை வரும், நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு கேள்வி கேட்கலாம் என்று தயாராக இருந்தேன். சண்டையே வரவில்லை. எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். "டீச்சரம்மாவுக்கு இன்னா மனசு பாரு" என்று ஊருக்குள்ளே பேச்சு. தர்மகர்த்தா வீட்டிலிருந்து எனக்குத் தலைக்கு மேலே ஒரு கீற்றுப் பந்தல்கூடப் போட்டுக் கொடுத்தார்கள். எனக்கு மட்டும், பிள்ளைகளுக்கு இல்லை. அதற்கப்புறம் மேலே ஹெட்மாஸ்டர், கீழே டீச்சரம்மா என்று ஆகிப்போனது. நான் கீழே இறங்கியதில் எல்லோருக்கும் நிம்மதி. யாரும் யாரையும் மேலே கூப்பிட வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டது.

இதில் இன்னொரு வேடிக்கை. மத்தியானம் சாப்பாட்டு மணி அடித்தால் எல்லாப் பிள்ளைகளும் கீழே வந்துவிடுவார்கள். அப்போது பள்ளிக்கூடங்களில் மத்தியானச் சாப்பாடு வந்திருந்தது. கோயில் மண்டபத்தில் எச்சில் படக்கூடாது என்று எல்லோரையும் மரத்தடியில் உட்கார வைத்தார்கள். அந்த அரை மணி நேரம் நாங்கள் ஒரே பள்ளிக்கூடம். சாப்பிட்டுக் கைகழுவியதும் மறுபடியும் இரண்டு.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. வறண்டுகிடந்த ஏரி நிரம்பி, ஊரே ஓடிப்போய் வேடிக்கை பார்த்தது. எங்களுக்குத்தான் பேஜார். தூறல் விழுந்தால் மேலே பாடம் நடந்துகொண்டிருக்கும். கீழே இருக்கிற பிள்ளைகள் சிலேட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு காலனிக்கு ஓடுவார்கள். "ஏறி வாங்கடா, நனையாதீங்க" என்று ஹெட்மாஸ்டர் கூப்பிடாமல் இல்லை. ஒவ்வொரு தடவையும் கூப்பிட்டார். கூப்பிட்டுவிட்டுப் போர்டு பக்கம் திரும்பிக்கொள்வார்.

ஒரு நாள் வட்டத்தின் பரப்பளவு நடத்திக்கொண்டிருந்தார். அது பரீட்சைக்குக் கட்டாயம் வரும் என்று காலையிலேயே சொல்லியிருந்தார். பாதிக் கணக்கில் மழை கொட்ட ஆரம்பித்தது. மற்றவர்கள் ஓடிவிட்டார்கள். இந்தப் பெண் மட்டும் ஓடவில்லை. மழையில் நின்றுகொண்டே போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் படியில் ஒரு காலை வைத்திருந்தாள். நான் பந்தலுக்கு அடியிலிருந்து கத்தினேன். "ஏறு. மேல போ. யாரு கேக்கறாங்கன்னு நான் பாத்துக்கறேன்."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஏறினாள். நாலு படியும் ஏறி, ஒரு தூணில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டு கணக்கை முழுசாக எழுதிக்கொண்டாள். மேலே யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு பெண் நகர்ந்து இடம்கூடக் கொடுத்தாள். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு அன்றைக்கு நான் வீட்டுக்குப் போனேன்.

மறுநாளிலிருந்து அவள் அப்பாவை வேலைக்குக் கூப்பிடவில்லை. அவள் அம்மாவையும் கூப்பிடவில்லை. திட்டவில்லை, மிரட்டவில்லை. விடியற்காலையில் வேலைக்குக் கூப்பிட வருகிற ஆள் அவர்கள் வீட்டை மட்டும் தாண்டிப் போனான், அவ்வளவுதான். ஒரு வாரம் பார்த்துவிட்டு நான் தர்மகர்த்தா வீட்டுக்கே போனேன். என்னை உட்காரச் சொன்னார். மோர் கொடுக்கச் சொன்னார். நான் கேட்டேன்.

"ஈரத்துல இன்னா வேல கீது டீச்சர்? இருந்தா கூப்புட மாட்டனா?" என்றார். முகத்தில் கோபமே இல்லை. நான் பாத்துக்கறேன் என்று அந்தப் பெண்ணிடம் கத்தினேனே, அந்த வாய் அங்கே வேலை செய்யவில்லை. மோரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அதற்கப்புறம் மேகம் கறுத்தாலே அவள் அம்மா பள்ளிக்கு அனுப்புவதை நிறுத்தினாள். "வோணாம் டீச்சரம்மா. படிப்பு அப்பால. வூட்ல அடுப்பு எரியணும்ல" என்றாள். கார்த்திகையில் அவள் மண்டபத்துப் பக்கம் வந்தது கொஞ்ச நாள்தான். அவள் அப்பா அம்மாவை வேலைக்கு மறுபடி கூப்பிட்டார்கள். நான் சாயங்காலங்களில் காலனிக்குப் போய்ச் சொல்லிக்கொடுத்தேன். தமிழ் சொல்லிக்கொடுத்தேன், சரித்திரம் சொல்லிக்கொடுத்தேன். எட்டாம் வகுப்புக் கணக்கு எனக்கே தகராறு. ஹெட்மாஸ்டர் ஞாயிற்றுக்கிழமைகளில் தன் வீட்டுக்கு வரச் சொன்னார். அவர் வீடும் கோயில் தெருவில்தான் இருந்தது. அவள் வரவில்லை. ஏன் வரவில்லை என்று அவர் என்னைக் கேட்டார். உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார்.

பங்குனியில் உத்திரமேரூரில் பரீட்சை. எல்லாப் பிள்ளைகளையும் நானே கூட்டிக்கொண்டு போனேன். அவள் அங்கே பெஞ்சில் உட்கார்ந்து எழுதினாள். வெளியே வந்ததும் கேள்வித்தாளை நாலாக மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டாள். முடிவு வந்தபோது எல்லாவற்றிலும் தேறி, கணக்கில் மட்டும் தவறிவிட்டாள். கணக்கில். ஹெட்மாஸ்டர் அவள் நம்பரை இரண்டு தடவை பார்த்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார்.

அந்த வைகாசியில் புதுக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. செங்கல் சுவர், ஓட்டுக் கூரை. அரசாங்கம் கொஞ்சம், ஊர் கொஞ்சம். உடம்பு உழைப்பு காலனியுடையது. அந்தப் பெண்ணும் வந்து மண் சுமந்தாள். ஓடு போட்டு முடிந்ததும் அதன் முன்னாலேயே ஆண்டுவிழா வைத்தோம். எங்கள் பக்கத்தில் யார் பேச எழுந்தாலும் ஆயிரம் வருடத்துக்கு முந்தியே ஓட்டுப் போட்டு ஆளைத் தேர்ந்தெடுத்த ஊர் ஐயா நம் ஊர் என்று உத்திரமேரூர்க் கல்வெட்டிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். ஹெட்மாஸ்டரும் அங்கேதான் ஆரம்பித்தார். அப்புறம் எங்கள் வருடத்துக்கு வந்தார்.

"இக்கட்டான வருசம். கூரை போச்சு, சுவர் போச்சு. ஆனா ஒரு நாள்கூட நாம பள்ளிக்கூடத்த மூடல" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். மண்டபம் கொடுத்த தர்மகர்த்தாவுக்கு மாலை போட்டார். எனக்கும் ஓர் எலுமிச்சம்பழம் கிடைத்தது. இனி நல்ல காலம், அடுத்த வருடம் எல்லோரும் நம் சொந்தக் கட்டடத்தில் படிப்போம் என்று முடித்தார். பெற்றோர் யாராவது பேசலாம் என்றார்.

யாரும் எழுந்திருக்கவில்லை. நான்தான் சும்மா இல்லாமல் எழுந்தேன். கடைசியில் நின்றுகொண்டிருந்த அந்தப் பெண்ணின் அம்மாவைப் பார்த்துச் சொன்னேன். "ஒரே ஒரு வருசம் திரும்பவும் அனுப்பு. கணக்கு ஒண்ணுதான் பாக்கி. கண்டிப்பா பாஸ் பண்ணிடுவா."

அவள் அம்மா முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டாள். பிறகு, "எங்க குந்திக்கினு படிக்கும் டீச்சரம்மா?" என்றாள்.

ஹெட்மாஸ்டர் முந்திக்கொண்டார். "இதென்னம்மா கேள்வி? புதுக் கட்டடத்துலதான், உள்ளதான். யாரு வெளிய குந்தச் சொல்லப்போறாங்க?"

"போன வருசமும் யாரும் சொல்லலியே சார்" என்றாள்.

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஊர்க்காரர்கள் பாதிப் பேருக்குக் காதில் விழுந்திருக்காது. ஹெட்மாஸ்டருக்கு விழுந்தது. அவர் என்னைப் பார்த்தார், நான் என் கையிலிருந்த எலுமிச்சம்பழத்தைப் பார்த்தேன். அப்புறம் பிள்ளைகளை நன்றிப் பாட்டுப் பாடச் சொன்னார்கள்.

ஆனியில் பள்ளி திறந்தது. சுண்ணாம்பு வாசனை போகாத அறைகள். வாசலில் மாவிலைத் தோரணம். முதல் மணி அடித்ததும் ஊர்ப் பிள்ளைகள் உள்ளே ஓடி இடம் பிடித்தார்கள். காலனிப் பிள்ளைகள் தாழ்வாரத்துக்கு வந்து, சுவரோரமாக வரிசையாக உட்கார்ந்துகொண்டார்கள். யாரும் சொல்லவில்லை. பெரியவர்களாவது முன்பு உள்ளே உட்கார்ந்து படித்தவர்கள், எழுந்து உள்ளே போகலாமா என்கிற மாதிரி எங்களைப் பார்த்தார்கள். போன வருடம் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பொடிசுகள் அப்படிப் பார்க்கக்கூட இல்லை. அவர்களுக்குப் பள்ளிக்கூடம் என்றால் வெளியே உட்காருவதுதான். சேர்ந்த மறு மாதத்திலிருந்து நாங்கள் சொல்லிக்கொடுத்தது அதுதான். சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு, பாடம் எப்போது ஆரம்பிக்கும் என்று சமத்தாகக் காத்துக்கொண்டிருந்தார்கள்.

"உள்ள வாங்க, உள்ள வாங்க" என்று ஹெட்மாஸ்டர் கூப்பிட்டார். நான் ஒரு பையனின் கையைப் பிடித்துத் தூக்கினேன். அவன் மிரண்டுபோய்த் தூணைக் கட்டிக்கொண்டான்.

அப்போது அந்தப் பெண் தெருவில் வந்தாள். இடுப்பில் கூடை, கையில் களைக்கொட்டு. பெண்களோடு களை எடுக்கப் போய்க்கொண்டிருந்தவள் நின்றாள். அந்தப் பொடிசுகளில் ஒன்று அவள் தங்கை. கூடையையும் களைக்கொட்டையும் வாசலில் வைத்துவிட்டு நேராகத் தாழ்வாரத்தில் ஏறினாள். தங்கை கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே போனாள். போர்டுக்கு நேர் எதிரில், முதல் வரிசையில், பழைய பள்ளிக்கூடத்தில் அவள் உட்கார்ந்த அதே மாதிரி இடத்தில் உட்கார வைத்தாள்.

"இங்கியே குந்து. மழ வந்தாலும் எழுந்து ஓடாத. எவனா எழுந்துருன்னா டீச்சர கேளுன்னு சொல்லு" என்றாள்.

மற்றப் பிள்ளைகள் அதைப் பார்த்து ஒவ்வொன்றாக உள்ளே வந்தன. தாழ்வாரம் காலியாயிற்று. நாங்கள் மூன்று வாத்தியார்களும் ஹெட்மாஸ்டரும் ஒரு வருடமாகச் செய்ய முடியாததைக் களை எடுக்கப் போகிற வழியில் செய்துவிட்டாள். அவள் வெளியே வந்தபோது வாசலில் நின்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "நீயும் உக்காரேன். உன் அம்மாகிட்ட நான் பேசறேன். உன் அப்பாவுக்கு வேலைக்கு நான்..." என்று ஆரம்பித்தேன்.

அவள் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள். கோபமில்லை. எனக்காகப் பாவப்பட்ட மாதிரி சிரித்தாள்.

"கழனில தேடுவாங்க டீச்சர்" என்றாள். கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, களைக்கொட்டைக் கையில் பிடித்து, முன்னால் போய்விட்ட பெண்களைப் பிடிப்பதற்காக ஓட்டமும் நடையுமாகப் போனாள். உள்ளே ஹெட்மாஸ்டர் போர்டை நேராக மாட்டிக்கொண்டிருந்தார்.